இந்த வீடு இந்த

என் மொழியில் சுட்டு முன்னே போகும்,
இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறவன்போல.
இந்த என்றதும் தலை திரும்பும்,
வீடு அதற்கப்புறம் வரும்.
மலாய்க்காரர்கள் வீட்டை இறக்கி வைத்துவிட்டுக்
கை காட்டுகிறார்கள்.
மடகாஸ்கரில் இரண்டும் போதவில்லை.
வீட்டுக்கு முன்னால் ஓர் இந்த,
பின்னால் இன்னோர் இந்த.
இத்தி ட்ரானு இத்தி.
சூடான பாத்திரத்தை
இரண்டு பக்கமும் பிடித்து இறக்குவதுபோல.

மனன்ஜாரிக்கு, புயல் போன ஒன்பதாம் நாள்,
நுருத்தியானா படிவங்களோடு வந்தாள்.
மலைநாட்டுக்காரி, செருப்பில் மணல் ஏறும்போதெல்லாம்
நின்று உதறுகிறவள்.
போன வீடுகளுக்குத் தகரம் உண்டு.
நிற்கிற வீடுகளுக்கு இல்லை.

ஸஃபித்துடி காட்டிய இடத்தில் நாலு கால்கள்,
ஒன்று சாய்ந்து.
விசிறிவாழை ஓலை கால்வாய்க்குள்,
மட்டைச் சுவர் யார் வயலிலோ.
“இத்தி ட்ரானு இத்தி” என்றான்.

பேனா நின்றது.
அந்த மொழியில் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு சுட்டு,
தெரியாததற்கு வேறு.
நடுவில் ஒரு ஸா நுழைந்தால் போதும்,
பொருள் பார்வையைவிட்டு நகர்ந்துவிடும்.
இத்தி, இஸாத்தி.
கூரை போனதும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான்.

“தெரிகிறது என்றால் தகரம் வராது.
இஸாத்தி என்று சொல்லுங்கள்.”
“எனக்குத் தெரிகிறதே.”
“எனக்குத் தெரியவில்லையே.”
“வீடு யாருடையது?”

அவன் மனைவி சுவாஸாரா
மூன்றாம் நாளே ஸா போட்டுப் பேசப் பழகிவிட்டாள்.
அரிசிப் பானைக்கு ஸா, தையல் மெஷினுக்கு ஸா,
கிராம்பு மூட்டைக்குக் கொஞ்சம் அழுத்தி ஒரு ஸா.
“எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, இல்லாத வீடு என்று.
இந்த மனுஷன் சொல்வதைக் கேட்டா
மழை பெய்யப்போகிறது?”
அவன் காதில் வாங்கவில்லை.
ஆற்றில் இரண்டு வளைவு தள்ளிக் கரையொதுங்கிய கதவுக்கு
வெலுமிலாவிடம் விலை பேசக் கிளம்பிவிட்டான்.
அது இப்போது அவள் காப்பிக் கடை மேசை.
எட்டு டம்ளர், சர்க்கரை டப்பா,
தாழ்ப்பாளில் தொங்கும் கைத்துணி.

அன்றிரவு விடுதியில், கொசுவலைக்குள்,
நுருத்தியானா சும்மா சொல்லிப் பார்த்தாள்.
இந்த வலை இந்த.
இந்த மேசை இந்த.
இந்தக் கை இந்த.
கரண்ட் போனது.
மேசைக்கு ஸா வந்தது, வலைக்கு வந்தது.
கைக்கு மட்டும் எதைச் சொல்வதென்று தெரியாமல்
விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுதினாள்,
முதல் சுட்டை அவன் சொன்னபடி,
கடைசிச் சுட்டை அவன் மனைவி சொன்னபடி.
இத்தி ட்ரானு இஸாத்தி.
ஒரு நிலைக்கால் கரையிலும்
இன்னொன்று கடலிலும் நிற்கிற வாக்கியம்.
மேலதிகாரி சிவப்பில் வட்டமிட்டார்.
“இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று
பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா?”
“ஒன்றாகத்தான் இருந்ததாம் ஐயா,
புயலுக்கு முன்னால்.”
அவர் அவளை ஒருமுறை பார்த்தார்.
முத்திரையை எடுத்து,
வட்டத்தின் மேலேயே குத்தினார்.

தகரம் வர இருபத்தாறு நாள் ஆயிற்று.
பன்னிரண்டு கேட்டதற்கு ஒன்பது.
லாரியிலிருந்து குதித்த பையன்
கையெழுத்துத் தாளோடு மணலில் நடந்தான்.
நாலு கால்கள், சாய்ந்தது நிமிர்ந்திருந்தது.
முன்னிரண்டுக்கும் நடுவே
டம்ளர் வட்டங்கள் பதிந்த ஒரு கதவு,
உள்பக்கம் தாழிட்டு.
சுவர் எந்தப் பக்கமும் இல்லை.
பின்னால் பாயில் ஒருவன் ஒருக்களித்துத் தூங்குவது
பாதம்வரை தெரிந்தது.

சுற்றிப் போக நாலு எட்டுகூட இல்லை.
பையன் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கதவைத் தட்டினான்.