இளஞ்சிவப்பு

கருங்கல்லுக்கு இளஞ்சிவப்பு,
சுண்ணாம்புப் பாறைக்கு நீலம்.
நாரின் மலைகளில் ஒரு கோடை முழுக்கத்
தீட்டிக்கொண்டிருந்தேன்.
கடைசிப் பள்ளத்தாக்கில்
இளஞ்சிவப்புப் பென்சில் தீர்ந்துவிட்டது.
அடுத்தது தலைநகரிலிருந்து வரவேண்டும்;
பனி முந்திக்கொண்டது.

வெள்ளையாகவே அனுப்பினேன்.
சாலை போட்டவர்கள்
'நம்பவேண்டாம்' என்று படித்தார்கள்,
சுரங்கக்காரர்கள்
'ஒன்றுமில்லை' என்று.

இப்போது பேருந்து அந்த இடத்தில்
பதினொரு கிலோமீட்டர் சுற்றுகிறது.
ஓட்டுநர் தோக்தோசுன்
வளைவுக்கு வளைவு
வரைபடம் போட்டவனின் வம்சத்தையே திட்டுகிறான்.

சன்னலுக்கு வெளியே
யாரும் வெடிவைக்காத கருங்கல்லில்
அசில்கான் தூவிய உப்பை
ஆடுகள் நக்குகின்றன.
சாயங்கால வெயிலில்
கல்
அதே நிறம்.

'போட்டவன் இல்லை தம்பி, போட்டவள்'
என்று சொல்ல வாயெடுத்து,
காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை
உள்ளே போட்டுக்கொண்டேன்.
கரைய நேரமாகும்.