ஒன்பதரை அடி

கரூர்ப் பட்டறையிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.
கூரைமேல் ஏசி, ஏசிமேல் ஒரு அயனிமரக் கொப்பு,
எங்கள் முடுக்கு திரும்பும்போது பிய்த்துக்கொண்டு வந்தது.
ஆக, முதல் கீறல் என்னுடையதல்ல.

மரியசிங்கம் மதில்மேல் கையூன்றிக் கேட்டார்:
"எந்த நடிகருக்கு வேய் இது? ஷூட்டிங் எங்க?"
கேரவன் என்றால் உள்ளே யாராவது
முகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
நான் இறங்கினேன்,
கைலியும் கையில் ஸ்பானருமாய்.
அவருக்கு ஏமாற்றம்தான்.

உள்ளே பசைவாடை.
மெத்தையின் பாலித்தீனை உரிக்கக் கூடாதென்கிறாள் புளோறன்ஸ்,
ஒரு வருசமாவது கிடக்கட்டுமாம்.
உட்கார்ந்தால் முறுக்குப் பொட்டலம் நொறுங்குகிற சத்தம்.
நீளம் பதினாலு அடி, அகலம் ஆறு.
ஜுபைலில் நான் இருந்து ஓட்டிய கிரேன் கூண்டு
இதில் மூன்று வைக்கலாம்.
அவளிடம் சொன்னேன்.
"அதுல நானா கெடந்தேன்?" என்றாள்.

குழாயைத் திறந்தால் உடனே தண்ணீர் வருவதில்லை.
சீட்டுக்கடியில் ஒரு மோட்டார்
தொண்டையைச் செருமுகிறது,
பிறகு யோசித்து வருகிறது.
கழிவறைக் கதவைச் சாத்த
முழங்காலிடம் உத்தரவு கேட்க வேண்டும்.
மேல் அலமாரித் தாழ்ப்பாள்கள் பிரமாதம்,
தக்கலை வேகத்தடை வரை.
அங்கே தேயிலையும் சீனியும் நல்லமிளகும்
ஒரே குடும்பமாய்த் தரைக்கு இறங்கின.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பின்னால் ஒரு வீடு வருகிறதென்பதை
முதுகு ஒரு நிமிடமும் மறப்பதில்லை.
ஸ்டீரிங்குக்கு எதிரே எழுதி ஒட்டியிருக்கிறேன்:
உயரம் ஒன்பதரை அடி.
ஐம்பத்தேழு வயதுவரை ஐந்தரை அடியாய் இருந்தவன்
ஒரே வாரத்தில் ஒன்பதரை ஆவது லேசல்ல.
கேபிள் ஒயரெல்லாம் கண்ணில் படுகிறது.
வில்லுக்குறியில் சர்ச் திருவிழா வளைவு.
புளோறன்ஸ் இறங்கிப்போய் அண்ணாந்து நின்று
கையசைத்தாள். வாருங்க, வாருங்க. நில்லுங்க.
"நாலு விரல் இடம் உண்டு."
யார் விரல் என்று கேட்டேன்.
பின்னால் பஸ்காரன் ஆரனை எடுக்கவேயில்லை.

முதல் பயணம் ஆரல்வாய்மொழிவரைதான்.
தெரிந்தவரின் செங்கல்சூளை, லாரி திரும்பும் களம்.
மட்டமான தரை என்று நினைத்தோம்.
மேசையில் வைத்த முட்டை உருண்டுபோய்
இல்லையென்றது.
இடது சக்கரத்துக்கு ஒரு செங்கல், பிறகு இன்னொன்று,
முட்டை நிற்கும்வரை.

ராத்திரி கணவாய்க் காற்று பக்கவாட்டில் பிடித்தது.
வண்டி ஆடியது.
தொட்டில்போல என்று சொல்ல வரவில்லை எனக்கு.
அறுபது மீட்டர் உயரத்தில் கூண்டு ஆடும், அதுபோல.
காற்று இன்ன அளவு தாண்டினால்
இறங்கிவிடு என்று ரேடியோவில் கூப்பிடுவார்கள்.
இருட்டில் கை தானாக லீவரைத் தேடியது,
அவள் முழங்கையில் இடித்தது.

"கதவு பூட்டினியளா?"

தூக்கத்தில்தான் கேட்டாள்.
இருபத்திரண்டு வருசம்
முன்கதவு, அடுக்களைக் கதவு, மாடிக் கதவு, கேட்
நாலையும் தனியே பூட்டிப் படுத்தவள்.
லீவில் நான் வந்திருக்கும்போதும்
அவள்தான் எழுந்து போவாள்.
எந்தச் சாவி எதற்கென்று எனக்குத் தெரியாது.
கேட்டதும் இல்லை.

இங்கே ஒரே கதவு.
என் காலுக்கு அந்தப் பக்கம்.

எழுந்தேன். பிடியைத் தூக்கி, அழுத்தி, திருப்ப வேண்டும்.
விழவில்லை.
மறுபடி. விழவில்லை.
பட்டறைக்குச் சொல்லவேண்டிய குறைகளில் இது ஏழாவது.
தோளைக் கொடுத்துத் தள்ளியதும்
இரும்புக்குள் இரும்பு போய் உட்கார்ந்தது.

"பூட்டிச்சா?"
பூட்டிச்சு.
பாலித்தீன் நொறுங்கத் திரும்பிப் படுத்தாள்.
வெளியே அத்தனை காற்றாலைகளும் சுற்றிக்கொண்டிருக்க
நான் நின்றேன் கொஞ்ச நேரம்,
உள்ளங்காலில் எங்கோ
தக்கலைச் சீனி.