தொட்டாற்சுருங்கி மேடு

போயா நாள். அலுவலகம் பூட்டு.
புளுமெண்டால் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில்
தகரப் படலையருகே காவலிருந்த சுனிமல்
ரேடியோவைத் தணித்துவிட்டுக் கேட்டான்:
"கொஹெத நோனா?"
"உடட," என்றேன்.
மேலே.
இதைவிடச் சரியான பதில்
எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.
படலையை ஓர் ஆள் அகலத்துக்கு நீக்கினான்.

மலை என்றால் பதுளைக்காரர் சிரிப்பார்கள்.
மூன்று மாடி உயரம்,
தாராளமாய்ச் சொன்னால் நாலு.
இந்த நகரம் தின்று மிஞ்சியதை
லொறி லொறியாய்க் கொண்டுவந்து கொட்டிக்
கட்டிய உயரம்.
பிறகு லொறிகள் வேறு திசை போயின.
மழை வந்தது.
விதை யார் கொண்டுவந்ததென்று
மாநகர சபையிடமும் பதிவில்லை.
இப்போது அடி தொடங்கி உச்சி வரை
தொட்டாற்சுருங்கி,
ஊதாப் பஞ்சுப் பொட்டுகளாய்ப் பூத்து,
தூரத்துப் பஸ்ஸிலிருந்து பார்த்தால்
யாரோ கம்பளி போர்த்திவிட்ட மாதிரி.

இடது முழங்காலுக்குள் இரண்டு ஸ்குரூ.
சரிவில் ஏறாதீங்க மிஸ் என்று
வைத்தியர் சொல்லி எட்டு மாதம்.
போனை வீட்டிலே சார்ஜில் விட்டு வந்தேன்,
எத்தனை அடி நடந்தேனென்று
அதுகூட அறியாதபடிக்கு.

காலை வைக்க இலைகள் மூடிக்கொண்டன.
ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னக் கதவடைப்பு.
கோபமில்லை, அது அவற்றின் வழக்கம்.
என் கோப்பிலும் அப்படித்தான்
எழுதி வைத்திருக்கிறார்கள்:
"இலகுவில் பழகமாட்டார்."

நடுவழியில் மண்ணை உடைத்துக்கொண்டு
கீபோர்டொன்றின் பாதி,
ஷாம்பு பைக்கற்றின் வெள்ளி ஓரம்,
ஒற்றைப் பாட்டா.
ஜெம்பட்டா வீதியில் குடியிருந்த காலம்
நானும் வாசலில் பை பையாய் வைத்தவள்தானே.
உடைந்த மிக்சியின் சிவப்பு மூடி,
அவன் விட்டுப்போன சவர்க்காரப் பெட்டி,
ஒரு தீபாவளிக்குப் பழுதான கறி முழுச் சட்டியும்
இதற்குள்தான் எங்கோ.
அரை அங்குலமாவது
என் பங்கு இருக்கும் இந்த உயரத்தில்.
அந்த அரை அங்குலத்தின் மேல்
மூச்சு வாங்க நின்றேன்.

உச்சியில் காற்று.
உப்பும், அடியில் இன்னும் புளிக்கிற ஏதோவும்.
துறைமுகப் பாரந்தூக்கிகள்
கழுத்தை நீட்டிக்கொண்டு வேலையற்று நின்றன.
கடலில் ஆறு கப்பல் வரிசையில்,
மண்ணெண்ணெய்க் காலத்து எங்களைப்போல்.
தெற்கே தாமரைக் கோபுரம்,
அதற்கு விளக்குப் போட இன்னும் நேரமிருந்தது.
யாரும் என்னை அண்ணாந்து பார்க்கவில்லை.
எவ்வளவு நிம்மதி.

திரும்பிப் பார்த்தால்
நான் வந்த வழி ஒரு தையல்போலத் தெரிந்தது,
பச்சைக்குள்ளே மங்கிய கோடு,
ஸ்குரூக் காலை இழுத்த இடங்களில் சற்றே அகலமாய்.
இலைகள் விரியட்டும் என்று உட்கார்ந்தேன்.
வந்த சுவடு அழிந்தபின் இறங்கலாம்,
மரியாதையாக.

அடிவாரத்து இலைகள் முதலில் திறந்தன,
தயங்கித் தயங்கி.
பாதி வழி அழிந்திருக்கும்,
அதற்குள் சூரியன் பாரந்தூக்கிகளின் பின்னே சரிய,
யாரும் மிதிக்காமலே
மற்ற இலைகளெல்லாம் மடியத் தொடங்கின.
என் கோட்டுக்கு இந்தப் பக்கமும்
அந்தப் பக்கமும்
மேடு முழுதும்,
கோடு எதுவென்று எனக்கே தெரியாதபடி.

குத்துமதிப்பாய்த்தான் இறங்கினேன்.
"மொனவாத உட திப்பே?" என்றான் சுனிமல்.
மேலே என்ன இருந்தது?
"ஹுளங்," என்றேன். காற்று.
தலையசைத்து ரேடியோவைக் கூட்டினான்.

இரவு குளிக்கும்போது
கணுக்காலைச் சுற்றி
முள் கீறிய மெல்லிய கோடுகள் எரிந்தன.
சவர்க்காரத்தை இன்னொரு தரம்
அதிலேயே போட்டேன்.