உருளைகள் மேல் இரண்டு கார்கள்

மே முதல் வாரம். லாபுவாவில் பனி உருகி
சாக்கடையில் மணலும் உப்புமாய் ஓடுகிறது.
ஆறு மாதம் கொட்டகையில் கிடந்தவையெல்லாம்
இனி என் வாசலுக்கு வரும்,
பேட்டரி செத்து, டயர் ஒரு பக்கம் தட்டையாகி,
இருக்கைக்கடியில் எலி கட்டிய கூட்டோடு.

என் தொழில் சுலபம்.
பட்டைகளால் இறுக்கிக் கட்டி
உருளைகள் மேல் காரை ஓடவிடுவேன்.
நூற்று நாற்பதில் ஓடும்; எங்கும் போகாது.
முடிவில் ஒரு தாள், தாளில் ஓர் எண்.
அந்த எண்ணைப் பார்த்து முகம் சுண்டாத ஆளை
இருபத்திரண்டு வருஷத்தில் கண்டதில்லை.

இன்று என்சியோவும் டூவியும் சேர்ந்து வந்தார்கள்.
அவருடையது ஓப்பல் மான்டா, எழுபத்தெட்டு.
முட்டைக்கரு மஞ்சள், கறுப்பு பானெட்.
டூவியினுடையது டொயோட்டா செலிகா, எழுபத்தாறு.
பழுப்பா சிவப்பா என்று
பதிவு அலுவலகமே முடிவு செய்யாத நிறம்.
இரண்டிலும் பின்சீட் உண்டு.
அதில் யாரையும் உட்காரவைத்தால் உறவு முறியும்.

மர ஆலை கேண்டீனில் தொடங்கி
பதினோரு வருஷமாய் நடக்கும் வழக்கு.
'கார்புரேட்டர் இல்லாத வண்டிக்குத் தொண்டை ஏது?'
என்பார் டூவி. இரண்டு சோலெக்ஸையும்
ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டே
சமன் செய்கிறவர்.
ஜெட் மாற்றி, பிளக்கைக் கழற்றி,
பால் குறைந்த காபி நிறம் வரும்வரை
வீட்டுக்குப் போகமாட்டார்.
'காலையில் ஒரே திருப்பு. அதுதான் கார்'
என்பார் என்சியோ.
காற்றளவு மானியை மூன்று முறை
மாற்றிய கதையை மட்டும் சொல்லமாட்டார்.

மான்டா எண்பத்து மூன்று.
செலிகா எண்பத்து நான்கு.

கூடுதலாய் வந்த அந்த ஒற்றைக் குதிரையை
மூன்று பேரும் தாளில் தேடினோம்.
'அவள் முறை வந்தபோது கதவு திறந்திருந்தது,
குளிர்காற்று' என்றார் என்சியோ.
'உன் முறையில் உன் வாய் திறந்திருந்தது.'

எனக்கு இன்னும் நாலு கார் காத்திருந்தது.
அதனால்தான் சொன்னேன், ஞானத்தால் இல்லை:
'மாற்றி எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள்.'

மருமகளிடம் பீரோ சாவியை நீட்டுகிற
தயக்கத்தோடு இருவரும் நீட்டினார்கள்.
சோக்கை அரைவிரல் மட்டும் இழு.
மூன்றாம் கியருக்குக் கொஞ்சம் கெஞ்சு.
இடதுபக்க ஜன்னலைத் தொடாதே.
மான்டாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல்
என்சியோ கதவைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.
தொண்ணூறில் ஸ்டீயரிங் நடுங்குகிறதாம்.
பெட்ரோல் நாற்றம் கோட்டில் ஏறிவிட்டதாம்.
ஜன்னல் கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம்.
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'நாலாயிரத்தைத் தாண்டும்போது அது...'
சொல் கிடைக்காமல் வைத்துவிட்டார்.

ஒன்பதுக்கு டூவி.
'ஒரே திருப்பில் கிளம்புகிறது. அவமானமாயிருக்கிறது.
ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தேன்.
காதை எதிலும் வைக்கத் தேவைப்படவில்லை.'
நாளைக் காலை திருப்புவதாய்த்தானே பேச்சு என்றேன்.
'ஞாயிறுவரை இருக்கட்டும்.
அவனிடம் நான் கேட்டதாய்ச் சொல்லாதே.'

இரண்டு தாளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.
மூலையில், தார்ப்பாய்க்கடியில்,
என்னுடைய ஷிராக்கோ.
இன்ஜின் வெளியே ஸ்டாண்டில், ஆறாம் வருஷம்.
அதை ஒருநாளும் உருளையில் ஏற்றியதில்லை.
எண் வராத வரைக்கும்
ஊரிலேயே வேகமான கார் அதுதான்.
காக்கைக்கும் ஒரு குஞ்சு வேண்டுமே.

பத்தரை மணி, இன்னும் வெளிச்சம்.
ஆற்றுப்பாலத்துப் பக்கம் ஏதோ ஒன்று
இரண்டாம் கியரில் ஏறுகிறது.
பட்டைகளைச் சுருட்டிக்கொண்டே கேட்கிறேன்.
குரல் செலிகாவினுடையது.
கியர் மாற்றுகிற இடம் மட்டும்
மான்டாவினுடையது.