மே மாதச் சம்பளம்

மே முப்பத்தொன்று, மாலை நாலு இருபது.
புதுவயல் ரயில்வே கேட் மூடியிருக்க
நின்ற பேருந்துக்குள் கைப்பேசி அதிர்ந்தது.
வங்கி அனுப்பிய ஒரே ஒரு வரி.
யாருக்கோ போகவேண்டியது
எனக்கு வந்துவிட்டது என்றுதான்
முதலில் நினைத்தேன்.

பதினோரு வருடம்
என் ஆண்டுக்குப் பதினோரு மாதம்.
மணிக்கணக்கில் பேசி
மணிக்கணக்கில் கூலி வாங்கியவளுக்கு
மணியடிக்காத மாதத்தில் என்ன இருக்கிறது?
இதே புதுவயலில் அரிசி ஆலையில்
மூட்டைக் கணக்கு எழுதினேன், நான்கு மே.
தேவகோட்டையில் டியூஷன், மூன்று மே.
ஒரு மே மாதம் பிள்ளை பெற்றேன்.
விடுப்பு கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.
மீதி மூன்றும் கடன்.

நேர்காணலுக்கு நூற்றெண்பத்திரண்டு பக்கம் நகல்.
சுருள்கம்பி கோத்துக் கொடுத்த
செராக்ஸ் கடை அண்ணன்
"இந்த வாட்டி கெடச்சிரும் டீச்சர்" என்றார்.
எல்லா வாட்டியும் அதைத்தான் சொல்வார்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு.

பக்கத்து நாற்காலியில் ஹிதாயத்துல்லா.
பி.எஸ்சி.யில் என்னிடம் படித்தவன்.
என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.
உட்காருடா, இன்றைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வரிசை என்றேன்.
அவன் உட்கார்ந்தபோது
கோப்பைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டான்.
என்னுடையதைவிட அது தடிமன்.

எவ்வளவு தருவீர்கள் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்காததுதான் பயமாக இருந்தது.
கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு
அப்போதே பஸ் ஏறியிருப்பேன்.

உள்ளே ஐந்து பேர், ஒரு தட்டு முந்திரி.
சென்னையிலிருந்து வந்த நிபுணர் கேட்டார்:
"ஊருணி வத்திப் போனா உங்க பாசி எங்கேம்மா போகும்?"
எங்கயும் போகாது சார்.
கண்டனூர்ப் பக்கம் ஓர் ஊருணி,
சித்திரையில் வெடித்த களிமண்,
ஒரு விரல் ஆழம் தோண்டினால்
தடித்த தோலைப் போர்த்திக்கொண்டு
சாப்பாட்டை உள்ளேயே கட்டிவைத்துக்கொண்டு
மழை வரும்வரைக்கும் அது
"போதும்" என்றார்.
முந்திரித் தட்டு இடம் மாறியது.
மொத்தம் ஏழு நிமிடம்.

ஆணை வந்தது.
அதில் என் பெயர் அடைக்களமேரி.
திருத்தச் சொன்னால்
திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று
மூன்று வாரம் அந்தப் பெயரிலேயே இருந்தேன்.
அதுவரை கையெழுத்துப் போட்டது
நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டில்.
இப்போது தோல் அட்டைப் பதிவேடு.
எழுத்தர் சொர்ணலிங்கம் பேனா எடுத்து நீட்டினார்.
பதினோரு வருடத்தில் அவரிடம்
நான் பேனாவைப் பார்த்ததே இல்லை.
பணிப் பதிவேட்டில்
முன் அனுபவம்: இல்லை.

ஜூனில் அதே அறை.
என் பழைய இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்,
மணிக்கணக்குக்கு.
துறைத்தலைவர் உமையாள் மேடத்துக்கு அடுத்து நான்.
முந்திரி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.
ஒரு இடம், முப்பத்தெட்டு முனைவர்கள்.
இருபத்தாறாவதாக முத்துராக்கு.
சுருள்கம்பி கோத்தது யார் என்று
பார்த்தவுடன் தெரிந்தது.
பாசியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.
மேடம்தான் கடைசியில்
"நீங்க ஏதும் கேக்கணுமா?" என்றார்.

"மே மாசம் உண்டா மேடம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
விதிப்படி, என்று ஆரம்பித்தேன்.
பதினோரு வருடத்துக்கு முன்
இதே நாற்காலியிலிருந்து எனக்குச் சொன்னவர்
தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொன்னார்.
நான் செருமக்கூட இல்லை.

அவள் தலையாட்டிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டாள்.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.
மதிப்பெண் தாளில் அவள் பெயரைத் தேடினேன்.
முத்துக்கு என்று அடித்திருந்தார்கள்.
நடுவில் ஒரு 'ரா' எழுதினேன்.