ஆறாம் நம்பர்

பொள்ளாச்சியில் நௌஷாத் கடைக்காரர்
என் காலைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார்.
"லேடீஸ் அஞ்சு இந்த மாடல்ல வர்றதில்லீங்க்கா.
ஜென்ட்ஸ் ஆறு போட்டுக்குங்க,
ரெண்டு சாக்ஸ் மாட்டினா கச்சிதமா இருக்கும்."
மூவாயிரத்து நானூறு ரூபாய்.
நாக்கில் தொங்கிய அட்டையில்
நீலமாய் ஒரு துளி, அதன் குறுக்கே ஒரு கோடு.
தண்ணி புகாதாம்.

"எத்தனை வருசம் உழைக்கும்?"
"அது நீங்க நடக்கறதப் பொறுத்துங்க."

நான் நடப்பது வால்பாறைக்கும் மேலே,
சின்னக்கல்லார் பக்கம்,
எஸ்டேட் எஸ்டேட்டாக, லயன் லயனாக,
மின்வாரியத்துக் கணக்கெடுப்பு.
நாளொன்றுக்கு நூற்றுப்பத்து மீட்டர்,
நடுநடுவே தேயிலைச் சரிவு, வழுக்குப் பாறை,
பெயர் வைக்காத ஓடைகள்.
ரீடிங் மெஷினுக்கு மழையுறை கொடுத்திருக்கிறது வாரியம்.
அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளைப் பற்றி
சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

முதல் வாரம் குதிகாலில் கொப்புளம்,
காசளவுக்கு.
பிளாஸ்திரி ஒட்டினேன், தேங்காயெண்ணெய் தடவினேன்,
ராத்திரி பூட்ஸோடு நின்று ரசம் வைத்தேன்
பழகட்டும் என்று.
பூட்ஸ் பழகியதோ கால் பழகியதோ,
எட்டாம் நாள் வலியைக் காணோம்.
இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் புகையிலைத் தூள்.
கடையில் தொங்கியது ஒரே ஒரு அட்டை,
இங்கே புல்லுக்கு ஒன்று.

ஆனியில் பிடித்த மழை.
மூன்றாவது ஓடையில்
கணுக்காலுக்கு மேலே ஏறியது தண்ணீர்.
அந்தத் துளியும் கோடும் பொய்யில்லை:
தோல் வழியே ஒரு சொட்டும் புகவில்லை.
வாய் வழியாகப் புகுந்தது.
புகுந்ததை வெளியே விடத் தோலுக்கு மனசில்லை.
அன்று சாயங்காலம்வரை
இரண்டு குடத்தைக் காலில் கட்டிக்கொண்டு
அறுபத்தேழு வீடு.

"அடுப்புப் பக்கம் வெச்சுப் போடாதீங்க, பசை விட்டுரும்"
என்றார் லைன்மேன் சென்னியப்பன்.
நாளிதழைக் கசக்கித் திணித்தேன்.
பேப்பர் ஈரமானது, பூட்ஸ் காயவில்லை.
ஒரு காலையில் வலது பூட்ஸைக் கவிழ்த்தால்
விரற்கடை நீளத்தில் ஒரு தவளை.
அது அவசரப்படவில்லை.

ஐப்பசியில் இடது அடிப்பாகம் வாய் பிளந்தது.
ஆறு மாத உத்தரவாதத்தில் மூன்று வாரம் பாக்கி.
இறங்கிப் போனேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு.
"பில் இருக்குதுங்களா?"
இருந்தது.
அதில் எழுத்துதான் இல்லை,
மழையும் என் சட்டைப்பையும் சேர்ந்து தின்றிருந்தன.
நௌஷாத் வெற்றுத் தாளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் பாவம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தைக்கிறவர்
நைலான் நூலில் சுற்றிலும் தைத்தார், எண்பது ரூபாய்.
அவரிடமே குத்தூசியை வாங்கி,
பாதம் உள்வாங்கும் இடத்தில்
காலுக்கு இரண்டு ஓட்டை போட்டேன்.
பதறிவிட்டார்.
"ஏனுங், தண்ணி புகாத பூட்ஸுங்க இது!"
"அதுக்குத்தானுங்."

இப்போது ஓடையில் இறங்குகிறேன்.
கரையேறி நாலு எட்டு வைப்பதற்குள்
இரண்டு பக்கமும் பீச்சியடித்துக்கொண்டு
வந்த தண்ணீர் வந்த வழி பார்க்கிறது.
சாக்ஸ் ஈரம்தான். கனம் இல்லை.
தையல் இரண்டாவது மழையையும் தாண்டிவிட்டது.

மேல்லயன் கடைசி வீட்டில் ஞானசுந்தரி,
நான் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் போனால் அதட்டுகிறாள்:
"அதெல்லாம் கழட்டாதீங்க, அப்படியே வாங்க.
நீங்க அவுத்துக் கட்டறதுக்குள்ள கரண்டு போயிரும்,
அப்புறம் மீட்டர்ல நம்பர் தெரியாது."

சேற்றோடு உள்ளே போனேன்.
நாலாயிரத்துப் பதினொன்று.
தட்டி முடித்ததும்
விளக்கு அணைந்தது.