உடம்படுமெய்

தோட்டப்பாளையத்தில்
வங்காள எழுத்தில் மீன்சோற்று விலை தொங்கும்
சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி எங்கள் ஸ்கேன் சென்டர்.
ஹெட்போனுக்குள் டாக்டர் எபனேசர்
இருமலுக்கு இடையில் சொல்லச் சொல்ல
நான் அடிக்கிறேன்.
ரிப்போர்ட் ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.

படித்தது எம்.ஏ. தமிழ் என்பதால்
எலும்புகளும் எனக்குப் புணர்ச்சி விதியோடுதான் கேட்கின்றன.
கோஸ்டா என்றால் விலா.
பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால்
ஆ கெட்டு ஓ தோன்றி, கோஸ்டோ.
டிபியா இப்படித்தான் டிபியோ ஆனது.
லத்தீன்காரன் பசியோடு பெயர் வைத்திருக்கிறான்:
இடுப்பெலும்பு ஓர் அகலப் பாத்திரம்,
முழங்கால் சில்லு சின்னத் தட்டு,
தொடை வந்து பொருந்தும் குழி
காடிக் கிண்ணம்.
செத்த மொழி என்கிறார்கள்.
காலை ஏழுக்கே அதற்கு டோக்கன் தீர்ந்துவிடுகிறது.

நம்மில்
இரண்டு உயிர் நேருக்கு நேர் வந்தால்
நடுவே ஒரு மெய் வந்து நிற்கும்.
அங்கே
இரண்டு மெய்க்கு நடுவில் ஓர் உயிர்.
லம்ப், சாக்ர், இடையில் ஓ.
சில சமயம் அவர்களுக்கு விதி தெரிவதில்லை.
சாக்ரோ இலியாக் என்று
ஓவும் இயும் முட்டிக்கொண்டு நிற்கும்போது
என் விரல் ஒரு வகரம் தேடும்.
(முதல் வருடப் பரீட்சையில் உடம்படுமெய்யை
'உடம்பு, படும், மெய்' என்று பிரித்து
இரண்டு மார்க் விட்டவள் நான்.)

நேற்று, பேரணாம்பட்டு நியாமத்துல்லா.
தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்குகிறவர்.
ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
"எங்க வலின்னு போட்டிருக்கும்மா?" என்றார்.
அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
நான் அடித்ததை வாசிக்க மட்டும் செய்தேன்:
லம்போ சாக்ரல்.
அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.
லம்போ
என்ற இடத்தில் நின்றுவிட்டார்.
சாக்ரல் வரவில்லை.

கவரை வாங்கிக்கொண்டு எழுந்தபோது
அதே ஓ
வாயிலிருந்து தானாக வந்தது,
மாத்திரைக் கணக்கை மீறி நீண்டு.
நாற்காலியின் கையைப் பிடித்தபடி
மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோய்
இரண்டு எலும்புக்கு நடுவில்
சரியாகக் கட்டைவிரலை வைத்தார்.
"இங்கதாம்மா."

மீதம் பதினொரு ரிப்போர்ட் இருந்தது.
கீபோர்டில் அந்த எழுத்து ஏற்கெனவே தேய்ந்து
வெறும் கறுப்புச் சதுரம்.
அதன் மேல் மட்டும் விரலைப்
பார்த்து வைத்தேன்.
பதினெட்டு ரூபாய்தான்.
ஓவுக்குத் தனியாகக் காசு கிடையாது.